இருபத்தெட்டாவது காய்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடங்களாக எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொல்கிறவள், சொந்தத் தம்பியிடம் மூன்று வருடங்களாக ஒரு வார்த்தை பேசவில்லை. வாராவாரம் இந்தத் தொடரில் இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு இது பழைய கதை. வழியில் ஏறியவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

தம்பி வேறொரு ஊரில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அப்பாவின் உயிர் பிரிந்த அன்று அவன் நேரத்துக்கு வரவில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே ஐந்து பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டுத்தான் கிளம்பினான். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வாசலில் பையோடு நின்றவனைப் பார்த்து, உறவுக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் அவள் சொன்னாள்:

"பேர் தெரியாதவங்களைக் காப்பாத்தப் போயிட்ட. நம்ம அப்பா லிஃப்டுல மாட்டியிருந்தா வந்திருப்பியோ?"

மெதுவாகப் பேசத் தெரியாத தொண்டை அது. தெருக்கோடி வரைக்கும் கேட்டது. தம்பி பையைக் கீழே வைக்காமலே திரும்பி நடந்தான். அன்று சாயங்காலமே அவன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான் என்று அவள் கணவர் வந்து சொன்னார்.

சொன்ன வார்த்தையை அவள் அன்றைக்கே விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. நாமாகப் போய்ப் பேசுவதா என்ற வீம்பு ஒரு பக்கம், எப்படிப் பேசுவது என்ற கூச்சம் இன்னொரு பக்கம். மூன்று வருடம் ஓடிப்போனது.

இரண்டு மாதங்களுக்கு முன்னால் அவள் தொண்டையில் முடிச்சு வந்தது. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். மூன்று நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் கணவர் அவள் போனில் டோமினோ ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தார். அவர் பேருந்து நிலையத்தின் எதிர்வாசலில், மேம்பாலப் படிக்கட்டுக்குக் கீழே சாவி செய்யும் கடை வைத்திருப்பவர். ஊரில் சாவிக்காரர் என்றால்தான் தெரியும்.

"இதுக்குப் பேச்சே வேண்டாம். மொத்தம் இருபத்தெட்டுக் காய். ஆளுக்கு ஏழு. மேசையில இருக்கிற வரிசையோட ரெண்டு முனையைப் பாரு. அங்க இருக்கிற நம்பர் உன் கையில இருந்தா தொட்டுப் போடு. இல்லேன்னா குவியல்லேர்ந்து எடு. கையில இருக்கிறதை யாரு முதல்ல காலி பண்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க."

அவளுக்கா தெரியாது? அப்பாவின் டோமினோப் பெட்டியோடுதான் அவளும் தம்பியும் வளர்ந்தார்கள். ஒரே வித்தியாசம், அந்தப் பெட்டியில் இருபத்தேழு காய்கள்தான். ஒரு பக்கம் ஐந்து புள்ளியும் மறுபக்கம் மூன்று புள்ளியும் உள்ள காய் கிடையாது. போனில் அந்த ஐந்து-மூன்று கைக்கு வரும்போதெல்லாம் அவளுக்குத் திக்கென்றது.

அடுத்த நாளே ஒரு அழைப்பு வந்தது. ஒரு சின்ன லிஃப்ட் படம், பக்கத்தில் பெயர்: 'லிஃப்ட்'.

தம்பிதான் என்று அவளுக்கு உடனே தோன்றியது. அன்றிலிருந்து மத்தியானம் ஒன்றரை மணி என்றால் லிஃப்ட் வந்துவிடும். ஒரு எழுத்துக்கூட எழுதாது. கட்டைவிரல், பூ, சிரிக்கும் முகம் என்று ஆட்டத்திலேயே இருக்கிற படங்களைத்தான் அனுப்பும். பிடிவாதக்காரன் வேறு எப்படி இருப்பான் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவன் எழுதாவிட்டால் என்ன, அவள் எழுதினாள். நாற்பத்தொரு நாள் எழுதினாள். அன்றைக்குச் சொன்னது தப்பு என்று எழுதினாள். அவன் இல்லாமல் அப்பா படத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று எழுதினாள். ஒருநாள் வீட்டில் ஏதோ மனத்தாங்கலில், கணவரைப் பற்றி யாரிடமும் சொல்லாததையும் எழுதினாள்: 'உங்க மாமாவுக்கு வேண்டியது சமைச்சுப் போட ஒரு ஆள். எனக்குப் போக வேற இடமில்லை. அதனாலதான் இங்க இருக்கேன்.'

அதற்கும் ஒரு கட்டைவிரல் வந்தது.

போன வாரக் கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அப்பாவின் டோமினோப் பெட்டியைத் துடைத்து, உள்ளே ஒரு கடிதம் வைத்து, முந்தாநாள் சாயங்காலம் தம்பியின் ஊருக்குப் போகும் ஆறு மணி வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினாள். நேரிலேயே கொடுக்க வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று நாலு தடவை சொன்னாள்.

இன்று அந்த வண்டி திரும்பி வந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு ஓட்டுநர் அறிவிப்பு அறைக் கண்ணாடியைத் தட்டினார். பெட்டி அவர் கையிலேயே இருந்தது.

அவள் மைக்கை அணைத்தாள்.

"என்ன டிரைவர், ஆளைப் பார்க்கலையா?"

"பார்த்தேன்க்கா. அவர் ஆபீஸுக்கே போய்க் கையில கொடுத்தேன்."

"அப்புறம் ஏன் திருப்பி எடுத்துட்டு வந்தீங்க?"

ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி, மறுபடியும் மாட்டினார். நானூறு கிலோமீட்டர் கண் இமைக்காமல் ஓட்டுகிறவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"திறந்து பார்த்தாரு. லெட்டரைப் படிச்சாரு, ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் லெட்டர் பின்பக்கம் ஏதோ எழுதினாரு. இடுப்புல தொங்கின சாவிக்கொத்துலேர்ந்து எதையோ கழட்டிப் பெட்டிக்குள்ள போட்டு மூடி, இதைத் திருப்பிக் கொடுத்துடுங்கன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாருக்கா. செல்போன்ல நான் எந்த ஆட்டமும் ஆடுறதில்லை. என் பேரைச் சொல்லி யாரோ அக்காவை ஏமாத்துறாங்க, ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்கன்னாரு."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"சும்மா சொல்றான். அவனுக்கு ரோஷம். நேத்துகூட என்கூட ஆடினானே!"

"நேத்து எத்தனை மணிக்கு?"

"ஒன்றரைக்கு. எப்பவும் ஒன்றரைக்குத்தான்."

"நேத்து ஒன்றரைக்கு அவர் என் எதிர்லதான் உட்கார்ந்திருந்தாருக்கா. டீ வாங்கிக் கொடுத்தாரு. போனைத் தொடவேயில்லை." ஓட்டுநர் பெட்டியை மேசையில் மெதுவாக வைத்தார். "ஆறு மணிக்கு மறுபடியும் அங்கதான் போறேன். ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

அவர் போன பிறகு அவள் நான்கு அறிவிப்புகள் கொடுத்தாள். மூன்றாவதில் நடைமேடை எண்ணை மாற்றிச் சொல்லி, நாற்பது பேரை மூட்டை முடிச்சோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடவைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் நடக்காத தப்பு. பெட்டியைத் திறக்கவில்லை. திறக்கிற தைரியம் வரவில்லை.

ஒன்றரைக்கு, சொல்லி வைத்தாற்போலப் போன் சிணுங்கியது.

'லிஃப்ட் உங்களை ஆட்டத்துக்கு அழைக்கிறார்.'

யார் இது? அவள் நாற்பத்தொரு நாள் மனதைத் திறந்து கொட்டியது யாரிடம்? இருந்தாலும் விரல் தானாகப் போய் 'சரி'யைத் தொட்டது. ஏழு காய்கள் வந்து விழுந்தன. மாற்று ஆள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், அவள் போனைக் கையில் பிடித்தபடியே வெளியே நடந்தாள்.

இதைக் கணவரிடம் சொல்ல வேண்டும். யாரோ நம்மை முட்டாளாக்குகிறார்கள் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு குறை சொன்னாலும், ஓடிப்போய்ச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். நடந்துகொண்டே காய் போட்டாள். ஒரு காய்க்கு முப்பது விநாடிதான் கொடுப்பார்கள், அதற்குள் போடாவிட்டால் முறை போய்விடும். சாலையைக் கடக்கும்போது ஒரு காய். மேம்பாலத்து நிழலில் ஒரு காய். எதிராளியும் சளைக்காமல் போட்டுக்கொண்டே வந்தது.

சாவிக்கடைக்கு முன்பக்கம் ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். அவள் எப்போதும்போலப் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனாள்.

சாவிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சாவி வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. ஒரு கை இயந்திரத்தின் பிடியில். மற்றக் கையில், கண்ணாடி உடைந்துபோனதென்று போன வருடமே தூக்கிப் போட்டதாகச் சொன்ன பழைய போன்.

அவள் தன் போனைப் பார்த்தாள். தன் முறை. ஒரு காயைப் போட்டாள்.

அவர் கையிலிருந்த போனில் அதே காய் வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று, நாற்பத்தொரு நாளாகத் தன் தம்பியின் கை என்று நினைத்திருந்ததைப் பார்த்தாள். அதில் இரண்டு காய்கள்தான் பாக்கி: ஐந்து-மூன்று ஒன்று, ஆறு-இரண்டு ஒன்று. மேசையில் ஒரு முனை ஐந்து, மறுமுனை இரண்டு. அவர் விரல் ஆறு-இரண்டை நோக்கிப் போனது. அதைப் போட்டால் அந்த முனை ஆறாகிவிடும், கையில் மிச்சமிருக்கும் ஆறு-நான்கைப் போட்டு அவள் ஜெயித்துவிடுவாள். தெரிந்தேதான் போகிறார்.

"அஞ்சு-மூணைப் போடுங்க," என்றாள் அவள். "என் கையில மூணும் இல்லை, ரெண்டும் இல்லை."

சாவிக்காரர் திரும்பவில்லை. அவர் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. இயந்திரத்தை மட்டும் அணைத்தார். முப்பது விநாடி கரைந்து, 'நேரம் முடிந்தது' என்று போன் சொன்னது.

"அண்ணே, ஒரு அரை மணி கழிச்சு வாங்க," என்றார் முன்னால் நின்றவரிடம். வாடிக்கையாளர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நழுவினார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"முதல் நாள்லேர்ந்து."

"நானும் பைத்தியக்காரி மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். தம்பி பேச ஆரம்பிச்சுட்டான், தம்பி பேச ஆரம்பிச்சுட்டான்னு. கண்டக்டருங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். நீங்களும் ஒண்ணு எடுத்துத் தின்னீங்க."

"நீ சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்த. பார்க்கச் சகிக்கலை. ரெண்டு நாள் ஆடிட்டு நிறுத்திடலாம்னுதான் நினைச்சேன். நீ மறுபடியும் சிரிக்க ஆரம்பிச்ச. அப்புறம் எப்படி நிறுத்துறது?"

"அதுக்குன்னு என் தம்பிக்கே கள்ளச்சாவி போட்டீங்களா?"

அவர் இயந்திரத்தில் படிந்த இரும்புத்தூளைத் தட்டினார்.

"நான் மன்னிப்புக் கேட்டேன். மூணு வருஷமா தொண்டையில அடைச்சுக்கிட்டிருந்ததை எழுத்துல கேட்டேன். அதை வாங்கிக்க நீங்க யாரு? கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட நீங்க யாருங்க?"

"வேற என்ன அனுப்ப முடியும்? ஒரு வார்த்தை எழுதினா கண்டுபிடிச்சிடுவ."

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. எல்லாவற்றையும் படித்திருக்கிறார் என்றால் எல்லாவற்றையும்தான் படித்திருக்கிறார். வாய்வரை வந்த கோபம் பாதியில் நின்றது.

"அன்னைக்கு உங்களைப் பத்தி ஒண்ணு எழுதினேனே," என்றாள்.

"படிச்சேன்."

"படிச்சுட்டு வீட்டுக்கு வந்து, ரசம் நல்லா இருக்குன்னு சொல்லி ரெண்டு தடவை ஊத்திக்கிட்டீங்க."

"நல்லாத்தான் இருந்தது," என்றார் சாவிக்காரர். கரிப்பிடித்த துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "இங்க பாரு, அவன் உன்னை வெறுக்கலை. அது எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆணியில் தொங்கும் வெறும் சாவிகளை எதற்கோ எண்ண ஆரம்பித்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டாள்.

மிச்சப் பொழுது எப்படிப் போனதென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. குரல் மட்டும் எப்போதும்போல வேலை பார்த்தது. குழந்தையைத் தவறவிட்டவர்களுக்குக் குழந்தையைச் சேர்த்துவைத்தது, குடையை மறந்தவர்களுக்குக் குடையை ஞாபகப்படுத்தியது.

ஐந்தரைக்கு வேலை முடிந்தது. மாற்று ஆளாக வந்த புதுப்பெண்ணுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்து, மூலையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள்.

மேலே அவளுடைய கடிதம். அதில் அவள் எழுதியிருந்தது நிறைய. முக்கியமானது கடைசி நான்கு வரிகள்தான்:

'ஐந்து-மூன்றைத் தொலைத்தது நீ இல்லை. தோற்றுப்போன கோபத்தில் நான்தான் மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக வீசினேன். நீ என்று அப்பாவிடம் சொன்னேன். நீ அடி வாங்கினாய்.'

தம்பிக்கு அப்போது ஏழு வயது. அவளுக்குப் பதிமூன்று. முதுகில் தடித்த கோடுகளோடு படுத்திருந்தவன், அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதையும் அவள் மறக்கவில்லை. அன்றைக்கு ஒரு பொய்யால் அவன் மேல் விழுந்த பழி, முப்பத்தைந்து வருடம் கழித்து அப்பா இறந்த வீட்டு வாசலில் இன்னொரு வார்த்தையால் விழுந்தது. இரண்டு தடவையும் எறிந்தவள் அவள்தான்.

கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தம்பியின் கோணல் எழுத்து.

'நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டாய். இப்போது கணக்கு சரியாகிவிட்டது. இனி எதுவும் அனுப்பாதே.'

காய்களை மடியில் கொட்டி எண்ணினாள். இருபத்தெட்டு.

மறுபடியும் எண்ண வேண்டிய அவசியம் இல்லை. புதிதாக வந்தது தனியாகத் தெரிந்தது. மற்றவை மஞ்சள் பூத்திருக்க, அது மட்டும் சட்டைப்பையிலும் கையிலும் உராய்ந்து வழவழவென்று இருந்தது. புள்ளிகளின் கறுப்பு பாதி அழிந்திருந்தது. ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் மூன்று.

கீழே ஓடிப்போய்த் தேடி எடுத்திருக்கிறான், அந்த ஏழு வயதில். காட்டியிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். காட்டாமல் இத்தனை வருடம் வைத்திருந்து, இன்றைக்கு முடித்துக்கொண்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மைக் பக்கத்தில் இருந்தது, அழுகைச் சத்தம் எட்டு ஊருக்குப் போய்விடும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் காயைப் பார்த்தபோதுதான் அந்தத் துளை கண்ணில் பட்டது. சாவி வளையத்தில் கோப்பதற்காக மூலையில் போட்ட துளை. விளிம்பு துணியில் மாட்டாமல் இருக்க, இரண்டு பக்கமும் குழிவாகச் சீவி இழைத்திருந்தது.

அப்படிச் சீவுகிற ஒரே ஒருவரை அவளுக்குத் தெரியும். அவள் இடுப்பில் தொங்கும் வீட்டுச் சாவியோடு கோத்த வில்லையிலும் அதே துளை, அதே சீவல்.

பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். சாவிக்காரர் கடையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவள் காயை அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த ஓட்டை யார் போட்டது?"

அவர் அதை எடுத்தார். கட்டைவிரலால் துளையைத் தடவினார். பார்க்காமலே தெரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"நான்தான்."

"எப்போ?"

"உங்கப்பா போனதுக்கு மறுநாள்."

"மறுநாளா? முந்தின நாள் சாயங்காலமே அவன் ஊருக்குப் போயிட்டான்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?"

சாவிக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்ல முடியாத விஷயம்போல.

"போகலை. மறுநாள் காலையில நான் கடை திறக்க வரும்போது இந்தப் படிக்கட்டுல உட்கார்ந்திருந்தான். பையை மடியில வெச்சுக்கிட்டு. இந்தக் காயைக் கொடுத்து, சாவியில மாட்டிக்கணும், ஓட்டை போட்டுக் கொடுங்க மாமான்னான். அப்புறம் ஒண்ணு சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"அக்கா வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா வீட்டுக்கு வர்றேன். போய்ச் சொல்லுங்க மாமா, நான் இங்கேயே இருக்கேன்னான்."

எதிர்வாசலில் வண்டிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அவள் பிடித்துக்கொள்ள எதையோ தேடி, இயந்திரத்தின் பிடியைப் பிடித்துக்கொண்டாள். வெட்டிய இரும்புத்தூள் உள்ளங்கையில் குத்தியது.

"நான் வீட்டுலதான் இருந்தேன். நாலு தெரு தள்ளி. அன்னைக்குப் பூரா வாசலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

"தெரியும்."

"நீங்க மத்தியானம் சாப்பிட வந்தீங்க."

"வந்தேன்."

"சொல்லலை."

"சொல்லலை. சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு, அக்கா என்ன சொன்னாங்கன்னு கேட்டான். அவன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு... நீ சொன்னதா நான் சொன்னேன்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல், இன்றைக்குப் பார்த்துக் காற்றாகத்தான் வந்தது.

"ஏன்?"

சாவிக்காரர் ஐந்து-மூன்றை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளிவைத்தார். அன்றைக்கு முதல் முறையாக அவள் கண்ணை நேராகப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா, உனக்குப் போக ஒரு இடம் இருந்திருக்கும்," என்றார்.

நிலையத்து ஒலிபெருக்கி கரகரத்தது. புதுப்பெண்ணின் மெல்லிய குரல், ஆறு மணி வண்டி பன்னிரண்டாம் நடைமேடையில் நிற்கிறது, இன்னும் ஐந்து நிமிடங்களில் புறப்படும் என்றது. தம்பியின் ஊர்ப் பெயரை அந்தப் பெண் சரியாக உச்சரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த அறிவிப்பை மைக் அக்கா ஒரு பயணியாக நின்று கேட்டாள்.

காயை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியைக் கழற்றி, காய் இருந்த இடத்தில் வைத்தாள்.